எதனோலுக்குக் காரை மாற்றுவது: மண்ணெண்ணெய்க் காலத்துக் கணக்கு இங்கே செல்லாது

யாழ்ப்பாணத்தில் காரைப் பெற்றோலில் இருந்து எதனோல் என்ற அற்ககோல் எரிபொருளுக்கு மாற்றுவது பற்றிப் பேச்செடுத்தால் ஐம்பதைத் தாண்டியவர்கள் எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள். "மண்ணெண்ணெயிலயே கார் ஓட்டின ஆக்கள் நாங்கள், தம்பி. உது என்ன பெரிய வேலையே?" அதில் பொய் இல்லை. 1990-களில் பொருளாதாரத் தடைக்குள் பெற்றோல் வராத காலத்தில் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் மொரிஸ் மைனரும் இங்கே மண்ணெண்ணெயில்தான் ஓடின. சூப்பிப் போத்தலில் பத்திரமாக வைத்திருக்கும் கொஞ்சப் பெற்றோலை, எரிபொருளைக் காற்றோடு கலக்கும் காபரேற்றருக்குள் பீய்ச்சி ஸ்டார்ட் ஆக்கி, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெயில் விட்டு, பின்னால் புகை கக்கிக்கொண்டு போகும் கார்களைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். அப்பாவின் மொரிஸ் மைனரும் அப்படித்தான் ஓடியது. அந்தக் கைப்பழக்கத்தில் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் அதை நம்பி எதனோலில் கைவைத்தால் எஞ்சினை இழப்போம், ஏனென்றால் இந்த இரண்டு எரிபொருளும் ஏறக்குறைய எல்லா விஷயத்திலும் ஒன்றுக்கொன்று நேர் எதிர்.

மண்ணெண்ணெய் லேசில் ஆவியாகாது, அதனால் எஞ்சின் சூடாக இருக்க வேண்டும். அதன் ஒக்டேன், அதாவது நேரத்துக்கு முன்னே தானாக வெடிக்காமல் தாங்கும் குணம், மிகக் குறைவு, லோட் ஏறினால் அப்படி வெடித்து நொக் அடிக்கும், அதனால்தான் அப்பா டிஸ்ரிபியூற்றரைத் திருப்பி டைமிங்கை, அதாவது பிளக் பொறி விடும் நேரத்தை, பின்னுக்குத் தள்ளி வைத்திருந்தார். ஆனால் அது எரிவதற்குக் கேட்கும் காற்றின் அளவு பெற்றோல் கேட்பதைப் போலவே இருக்கும், லீற்றர் ஒன்றில் உள்ள சக்தியும் பெற்றோலை விடக் கொஞ்சம் கூடத்தான். ஆகவே யாரும் எரிபொருளின் அளவைப் பெரிதாக மாற்ற வேண்டி வரவில்லை. றப்பர் குழாய் கரையவில்லை, எரிபொருள் ராங்கில் தண்ணீர் சேர்ந்ததும் இல்லை. எதனோலுக்கு ஒக்டேன் அதிகம், சுமார் 108. டைமிங்கை முன்னுக்குக் கொண்டுவரலாம். ஆனால் அளவு முழுதாக மாறும், பழைய றப்பரைத் தின்னும், தண்ணீரை இழுக்கும்.

குளிரில் ஸ்டார்ட் ஆகாது என்பது ஒன்றுதான் இரண்டுக்கும் பொது, எதனோலில் அதுவும் நமக்குப் பிரச்சினை இல்லை. பிரேசிலின் தெற்கில் காலைக் குளிருக்காக எதனோல் கார்களில் ஒரு குட்டிப் பெற்றோல் ராங்க் தனியாக வைத்தார்கள். எங்களுடைய மார்கழிப் பனிக்கு அது தேவைப்படாது.

தண்ணீர் விஷயத்தை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே கண்ணால் பார்த்தேன். 2022-ஆம் ஆண்டு, பெற்றோல் லீற்றர் 470 ரூபாய்க்குப் போயும் செட்டில், அதாவது பெற்றோல் நிலையத்தில், கிடைக்காத மாதங்கள். கியூஆர் கோட்டைக் காட்டி அளந்து வாங்கும் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர்தான். கொரோனா காலத்தில் வாங்கிய கை கழுவும் ஸ்பிரிட் வீட்டில் மிஞ்சிக் கிடக்க, அக்கம்பக்கத்துப் பையன் ஒருவன் அதை மோட்டார் சைக்கிள் ராங்கில் ஊற்றிவிட்டான். உள்ளே ஒரு லீற்றரளவு பெற்றோல் இருந்தது, மேலே அரை லீற்றர் ஸ்பிரிட். ஒழுங்கை முனை வரை ஓடியது, அதற்குப் பிறகு எத்தனை உதை உதைத்தும் அசையவில்லை. குழாயைக் கழற்றி ஒரு சோடாப் போத்தலில் பிடித்தோம். முதலில் கலங்கலாக வந்தது. போத்தலை மதில் மேல் வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்த கொஞ்ச நேரத்தில் நடுவே கத்தியால் வெட்டியது போல ஒரு கோடு விழுந்தது. மேலே பெற்றோலின் நிறம், கீழே பச்சைத் தண்ணீர் மாதிரி ஒன்று. அந்தக் கீழ்ப் பகுதிதான் முதலில் காபரேற்றருக்குப் போயிருக்கிறது, ஏனென்றால் குழாய் இருப்பது ராங்கின் அடியில்.

நடந்தது இதுதான். கை கழுவும் ஸ்பிரிட்டில் எழுபது வீதமளவு அற்ககோல், மிச்சம் தண்ணீர். சுத்தமான எதனோல் பெற்றோலோடு எந்த விகிதத்திலும் கலக்கும். ஆனால் தண்ணீர் கொஞ்சம் கூடினாலும், எதனோலுக்குப் பெற்றோலை விடத் தண்ணீரின் மேல்தான் பாசம், இரண்டும் சேர்ந்து பிரிந்து கீழே இறங்கிவிடும். பத்து வீதம் எதனோல் கலந்த பெற்றோல் தாங்கும் தண்ணீர் அரை வீதம் அளவுதான். அதனால்தான் பெற்றோலோடு கலக்கும் எதனோல் தண்ணீர் நீக்கியதாக இருக்க வேண்டும். சாதாரணமாக வடித்தால் 95.6 வீதத்துக்கு மேல் எதனோல் ஏறாது, மிச்சத் தண்ணீரை எடுக்கத் தனி வேலை இருக்கிறது. இதில் ஒரு வினோதம், அந்த மிச்சத் தண்ணீரோடேயே எதனோலைத் தனியாக எரித்தால் கார் நன்றாக ஓடும். பிரேசிலில் செட்டில் விற்பது அதுதான். பிரச்சினை, அதைப் பெற்றோலோடு சேர்க்கும்போது தொடங்குகிறது.

இதே குணத்தை வைத்துத்தான் ஒரு எரிபொருளில் எவ்வளவு எதனோல் இருக்கிறது என்றும் பார்ப்பார்கள். மெல்பேர்னில் இருக்கும் என் மச்சான் தன் டர்போக் காரை 85 வீதம் வரை எதனோல் கலந்த ஈ85-இல் ஓட்டுகிறவன், ஒவ்வொரு முறை அடித்ததும் இதைச் செய்கிறான். 100 மில்லிலீற்றர் கோடு போட்ட கண்ணாடிக் குழாயில் 10 வரை தண்ணீர், அதற்கு மேல் 100 வரை எரிபொருள், மூடிக் குலுக்கி நிமிர்த்தி வைப்பது. கீழே நிற்கும் தண்ணீர் 10-இல் இருந்து 28-க்கு ஏறியிருந்தால், 90 மில்லிலீற்றர் எரிபொருளில் இருந்து 18 எதனோல் இறங்கியிருக்கிறது, அதாவது 20 வீதம். ஈ85 என்று பெயர் இருந்தாலும் ஒவ்வொரு முறையும் 85 இருக்காது, கூடிக் குறையும். ரியூன் செய்த காருக்கு அந்த வித்தியாசம் பெரிது.

இனி அளவுக்கு வருவோம், இதுதான் முழு வேலையின் முதுகெலும்பு. ஒரு கிராம் பெற்றோல் சரியாக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். எதனோலுக்கு 9 கிராம் போதும், ஏனென்றால் அதன் மூலக்கூறுக்குள்ளேயே ஒக்சிஜன் இருக்கிறது. எஞ்சின் இழுக்கும் காற்று மாறப்போவதில்லை, ஆகவே அதே காற்றுக்கு எரிபொருளைக் கூட்டித்தான் ஊற்ற வேண்டும். அடர்த்தியையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் சுத்த எதனோலுக்கு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு, ஈ85-க்கு 40 வீதம் கூட, ஈ20-க்கு 8 வீதம் கூட. இதைச் செய்யாமல் விட்டால் கலவை வறண்டுபோகும், அதாவது காற்றுக்கு எரிபொருள் போதாது, இழுவை விழும், விட்டு விட்டு இழுக்கும், லோட்டில் தொடர்ந்து ஓட்டினால் வால்வும் பிஸ்டனும் அளவுக்கு மீறிச் சூடாகும். மண்ணெண்ணெய்க் கார் தவறு விட்டால் புகைத்துக் காட்டும், சத்தம் போடும். எதனோல் கார் வறண்டு ஓடும்போது சைலன்சரில் புகையே வராது, நொக் சத்தமும் குறைவு. பழைய மெக்கானிக்மார் காதையும் மூக்கையும் வைத்துப் பிடித்த தவறுகளை இங்கே அப்படிப் பிடிக்க முடியாது என்பதுதான் நான் திரும்பத் திரும்பச் சொல்லும் விஷயம்.

காபரேற்றர் என்றால் வேலை கண்ணுக்குத் தெரியும். பழைய மாருதி 800 போல ஜெட் உள்ளதில், எரிபொருளை அளந்து விடும் மெயின் ஜெட்டின் துளையைப் பெரிதாக்க வேண்டும். எரிபொருள் 40 வீதம் கூட வேண்டும் என்பதற்காகத் துளையின் விட்டத்தை 40 வீதம் கூட்டக் கூடாது, கூட வேண்டியது பரப்பு. 1 மில்லிமீற்றர் துளை 1.18 ஆனால் போதும். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் இரண்டு ஜெட்டுக்கும் வித்தியாசம் தெரியாது, அவ்வளவு சின்ன மாற்றம். ஆகவே கிடைத்த ட்ரில் பிட்டை விட்டுக் குடையாமல், அளவு பார்த்து வாங்கிய பிட்டால் கையால் திருப்பித்தான் குடைய வேண்டும், ஒரிஜினல் ஜெட்டை எடுத்து வைத்துவிட்டு வேறொன்றில். ஐடில் ஜெட்டையும் சேர்த்து மாற்ற வேண்டும், அதை மறந்தால் ஓட்டத்தில் நன்றாக இருக்கும் கார் சந்தியில் நின்றதும் அணைந்துவிடும். மொரிஸ் மைனரின் எஸ்யூ காபரேற்றரில் ஜெட்டுக்குள் ஏறி இறங்கும் ஊசி ஒன்று இருக்கிறது. அடியில் உள்ள நட்டைத் திருப்பி ஜெட்டை இறக்கினால் கலவை செழிக்கும், அதாவது எரிபொருள் கூடும், பத்து வீதக் கலப்புக்கு அது போதும். அதற்கு மேல் போனால் ஊசியையே மெல்லியதாக மாற்ற வேண்டும்.

எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் வைத்த கார்களில் கதை வேறு. ஒக்சிஜன் சென்சர் சைலன்சர் குழாயில் மிஞ்சும் ஒக்சிஜனைப் பார்த்து, கலவை வறண்டிருக்கிறது என்று சொல்ல, ஈசியூ என்ற எஞ்சின் கணினி தானாகவே எரிபொருளைக் கூட்டும். கூட்டிய அளவை எரிபொருள் திருத்தம் என்று ஸ்கானர் காட்டும். ஈ20 ஊற்றினால் அந்த எண் 8 வீதத்தை ஒட்டி ஏறும், ஈ30 என்றால் 12, ஈ50 என்றால் 22. பெரும்பாலான கார்களில் 25-ஐ ஒட்டி அது முட்டி நிற்கும், டாஷில் மஞ்சள் லைட் எரியும், ஸ்கானரைக் குத்தினால் பி0171, அதாவது கலவை வறண்டது என்ற கோட், வரும். ஈ85-க்குத் தேவைப்படும் 40 அதற்கு எட்டாது. லைட் எரியாத வரைக்கும் பிரச்சினை இல்லை என்று நினைப்பதுதான் ஆபத்து. மெதுவாகவோ சீராகவோ போகும்போதுதான் சென்சர் சொல்வதை ஈசியூ கேட்கும். ஏ9 வீதியில் ஆனையிறவு தாண்டி நேர் ரோட்டில் ஆக்சிலரேற்றரை முழுதாக மிதித்தால் ஈசியூ சென்சரை விட்டுவிட்டுத் தன்னிடம் எழுதி வைத்த அட்டவணைப்படி ஓடும். அந்த அட்டவணை பெற்றோலுக்கு எழுதியது.

அட்டவணையை மாற்றினாலும் இன்ஜெக்டரால் முடிய வேண்டும். முழு லோட்டில் இன்ஜெக்டர் நேரத்தின் 80 வீதம் திறந்தே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 40 வீதம் கூட்டினால் அது 112 வீதம் திறந்திருக்க வேண்டும், அப்படி ஒன்று கிடையாது. 85 வீதத்துக்கு மேல் போகாமல் பார்ப்பதுதான் ரியூன் செய்கிறவர்களின் வழக்கம், ஆகவே பெரிய இன்ஜெக்டர், அதற்கு ஈடுகொடுக்கும் பம்ப். இன்ஜெக்டருக்குப் போகும் சிக்னலை நடுவில் பிடித்து நீட்டிவிடும் பெட்டிகள் ஒன்லைனில் விற்கிறார்கள், வயரைச் சொருகினால் முடிந்தது என்று. ஈ30, ஈ40 வரை சிறிய கார்களில் அவை வேலை செய்யும். ஆனால் இன்ஜெக்டருக்கு மேலும் திறக்க இடம் இல்லையென்றால் பெட்டியால் என்ன செய்ய முடியும்?

முறையாகச் செய்வதென்றால் எரிபொருள் குழாயில் எதனோல் சென்சர் ஒன்று வைப்பார்கள். எரிபொருளின் மின் குணத்தை அளந்து, எதனோல் இல்லாவிட்டால் 50 ஹெர்ட்ஸ், முழுக்க எதனோல் என்றால் 150 ஹெர்ட்ஸ் என்று ஈசியூவுக்குச் சொல்லும், ஈசியூ இரண்டு அட்டவணைக்கும் நடுவில் தன் இடத்தைத் தானே பார்த்துக்கொள்ளும். கலவையை அளக்க வைட்பேண்ட் சென்சர் கட்டாயம். இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி வருகிறது. பெற்றோலுக்குச் செய்த மீற்றர், எதனோல் சரியாக எரிந்தாலும் 14.7 என்றுதான் காட்டும், 9 என்று காட்டாது, ஏனென்றால் அது பார்ப்பது மிஞ்சிய ஒக்சிஜனை மட்டும். 9 வரவில்லையே என்று கூட்டிக்கொண்டே போய் பிளக்கை நனைத்தவர்கள் இருக்கிறார்கள். லாம்டாவில் படியுங்கள், அது உள்ள காற்றுக்கும் தேவையான காற்றுக்கும் உள்ள விகிதம், 1 என்றால் எந்த எரிபொருளுக்கும் 1 தான்.

டைமிங் கடைசி வேலை, ஆனால் எல்லாரும் முதலில் கேட்பது அதைத்தான். எங்கள் செட்டில் விற்பது 92-உம் 95-உம், எதனோல் 108-ஐ ஒட்டி. அதோடு ஆவியாகும்போது அது இழுத்துக்கொள்ளும் வெப்பம் கிலோவுக்குப் பெற்றோலை விட இரண்டரை மடங்கு, நாம் ஊற்றுவதும் கூட, ஆகவே சிலிண்டருக்குள் போகும் காற்று நன்றாகக் குளிரும். வைகாசி வெயிலில் கொதிக்கும் இந்த ஊருக்கு அது நல்ல விஷயம்தான். டர்போ உள்ள எஞ்சினில் இந்த இரண்டும் சேர்ந்து நல்ல பலன் தரும், மச்சான் அதற்காகத்தான் மாற்றினான். டர்போ இல்லாத சாதாரண அல்டோக் காரில் டைமிங்கை இரண்டு மூன்று பாகை முன்னுக்குத் தள்ளினால் கொஞ்சம் இழுவை கிடைக்கும், அதற்கு மேல் தள்ளினால் ஒன்றும் கிடைக்காது. ஒக்டேன் கூடினால் எஞ்சின் தானாகப் பறக்கும் என்பது கட்டுக்கதை. பிரேசில் எஞ்சின்கள் சிலவற்றில் சிலிண்டருக்குள் கலவையை நெருக்கும் கம்ப்ரெஷன் விகிதத்தை 12, 13 வரை ஏற்றியதால்தான் அந்த ஒக்டேனுக்குப் பலன் வந்தது.

அப்பாவின் மொரிஸில் இருந்து பழைய எரிபொருள் ஹோஸ் ஒரு விரல் நீளம் வெட்டி எடுத்து, பெற்றோலும் தண்ணீர் நீக்கிய எதனோலும் சமமாகக் கலந்த ஜாடியில் போட்டு வைத்தேன். இரண்டு கிழமைக்குப் பிறகு எடுத்தால் விரலால் நசுக்க முடிந்தது, ஜாடியில் இருந்தது தேயிலைச் சாயம் போலக் கறுத்திருந்தது. உண்மையில் பழைய றப்பரை அதிகம் ஊதவைப்பது சுத்த எதனோலை விட இப்படி இரண்டும் கலந்த கலவைதான். பழைய றப்பர், கோர்க் காஸ்கெட், துத்தநாகம், ஈயப் பூச்சுப் பூசிய ராங்க், எதுவும் எதனோலை நீண்ட நாள் தாங்காது. வைட்டன் என்ற, இரசாயனம் தாங்கும் றப்பரில் செய்த சீலும் அதற்கென்று செய்த ஹோஸும் வேண்டும். இன்னொன்று, எதனோல் நல்லாகக் கழுவும். இருபது வருடத்து அழுக்கையும் துருவையும் ராங்கில் இருந்து பிடுங்கிக் கொண்டுவந்து பில்டரில் அடைக்கும், முதல் சில ராங்குக்குள் பில்டர் இரண்டு தடவையாவது மாற்ற வேண்டி வரலாம். குறைந்த அளவு கலப்பு எரிபொருளை இன்னும் லேசாக ஆவியாக்கும் என்பதால், காபரேற்றர் கார் மதிய வெயிலில் நிறுத்தி எடுக்கும்போது குழாய்க்குள் ஆவி அடைத்து ஸ்டார்ட் ஆகாமல் நிற்கலாம். சுத்த எதனோல் தீப்பிடித்தால் வெயிலில் சுவாலை லேசில் கண்ணுக்குத் தெரியாது, கராஜில் வேலை செய்கிறவர்கள் இதை மறக்கவே கூடாது.

சரி, எதனோலுக்கு எங்கே போவது? இலங்கையில் எந்தச் செட்டிலும் எதனோல் கலந்த பெற்றோல் விற்பனையில் இல்லை. பெல்வத்தையிலும் செவனகலவிலும் சீனி ஆலைக் கழிவுப் பாகில் இருந்து வடிப்பது மதுபானத்துக்குப் போகிறது. வெளியில் இருந்து எதனோல் இறக்குவதை அரசு 2020 தொடக்கத்தில் நிறுத்தியது. தனியாள் வடிப்பதும் வைத்திருப்பதும் கொண்டுபோவதும் மதுவரிச் சட்டத்துக்குள் வரும், கார் ஓட்டத்தான் என்று சொன்னால் யாரும் விடப்போவதில்லை. "எங்களிட்டைப் பனை இருக்குத்தானே" என்று கேட்பவர்களுக்காக ஒரு கணக்கு. கள்ளில் 5 வீதம் அற்ககோல் என்று வைத்தால், அல்டோவின் 35 லீற்றர் ராங்கை ஒருமுறை நிரப்ப 700 லீற்றர் கள்ளு வேண்டும், வடிப்பில் போகும் இழப்பையும் எரிக்கும் விறகையும் சேர்க்காமல். வடித்துச் சாராயமாக விற்கக்கூடிய பொருளை ராங்கில் ஊற்றுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. பனங்கள்ளுக்கு அதைவிட நல்ல விலை போத்தலில் கிடைக்கிறது, அதை இறக்கும் தொழிலாளிக்கும் அதுதான் நல்லது.

விலைக்கணக்கு பிரேசில்காரர் சொல்வதுதான், எதனோல் லீற்றர் பெற்றோல் விலையின் 70 வீதத்துக்குக் கீழே இருந்தால் மட்டுமே லாபம், ஏனென்றால் லீற்றருக்குச் சக்தி மூன்றில் இரண்டு பங்குதான். லீற்றருக்கு 18 கிலோமீற்றர் ஓடும் அல்டோ ஒரு ராங்கில் 630 கிலோமீற்றர் போகும் என்றால் ஈ85-இல் 450 போகும். இங்கிருந்து கொழும்புக்கு ஏறத்தாழ 400. பிரேசில் அந்தக் கணக்கைச் சரியாக்க 1975-இல் கரும்பை வைத்துத் தேசியத் திட்டமாகத் தொடங்கி, 1979-இல் பியட் 147-ஐ எதனோலுக்கென்றே இறக்கி, இரண்டையும் ஏற்கும் கார்களை 2003-இல் கொண்டுவந்தது. தனி மனிதனின் கராஜில் இருந்து அது தொடங்கவில்லை.

அப்படியென்றால் இதை ஏன் இவ்வளவு எழுதுகிறேன்? பாக்குநீரிணைக்கு அந்தப் பக்கம் இந்தியா முழுவதும் 2025-இல் ஈ20-க்கு வந்துவிட்டது. பழைய கார்களின் மைலேஜும் றப்பரும் பற்றி அங்கே எழுந்த சண்டை எங்கள் போன்களுக்கும் வந்தது. நாங்கள் ஓட்டுவதில் நிறைய அங்கே செய்த மாருதியும் பஜாஜும் டிவிஎஸ்ஸும்தான். இங்கேயும் ஒருநாள் கலப்பு வந்தால், வரும் என்றுதான் நினைக்கிறேன், மாற்றம் ஈ85-ஆக வராது, பத்து அல்லது இருபது வீதமாக வரும். அன்றைக்கு இன்ஜெக்டர் கார்களுக்குப் பெரிய வேலை இருக்காது, இருபது வீதக் கலப்பில் ஏழு எட்டு வீதம் கூடக் குடிக்கும், அவ்வளவுதான். அடிபடப் போவது காபரேற்றர் மோட்டார் சைக்கிள்களும் பழைய ஓட்டோக்களும், வெளிநாட்டில் இருந்து நல்லூர்த் திருவிழாவுக்கு வருபவர்களுக்காக மிச்சப் பத்து மாதமும் கொட்டிலில் நிற்கும் கார்களும்தான். மாரி மழை முழுக்கப் பாதி ராங்கோடு நிற்கும் கார் ஈரக் காற்றை இழுத்துக்கொண்டே இருக்கும். அப்படி நிறுத்துவதென்றால் ராங்கை நிரப்பிவிட்டு நிறுத்துங்கள், அல்லது முழுதாக வடித்துவிடுங்கள், மூடியின் வாசரைப் புதிதாகப் போடுங்கள். ஆவணியில் எடுக்கும்போது சாவியைத் திருப்புவதற்கு முன் அடியில் இருந்து ஒரு போத்தல் வடித்து மதில் மேல் வையுங்கள். பத்து நிமிடத்தில் நடுவில் கோடு விழுகிறதா என்று தெரிந்துவிடும்.